காலை ஆறு மணிக்கு ராத்திரி

எங்கள் நெல்லுக்குக் காலை ஆறு மணிக்கு இருட்டும். இரவு எட்டு மணிக்கு விடியும். அந்த ராத்திரியைச் செய்தவள் நான்தான். ஒரு டைமர், இரண்டு கான்டாக்டர், கொஞ்சம் ஒயர், ஒன்பது நாள் வேலை. இதற்காக என் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். தப்பு செய்தேன் என்று எழுதித் தரச் சொன்னார்கள். செய்தேன் என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

என் பெயர் மௌனிகா. வயது ஐம்பத்தொன்று. அந்தப் பெயருக்கும் எனக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது என்பது திருப்பூரில் பேனல் போர்டு வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும். பூமியைக் குளிர வைக்கிறோம் என்று பெரிய நாடுகள் கூடிப் பேசி வானத்தில் தூளைத் தூவின. குளிர்ந்தது. எங்கே நிறுத்துவது என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. இப்போது உச்சிப் பொழுதிலும் சூரியனை வெறும் கண்ணால் பார்க்கலாம். அந்த மங்கல் வெயிலில் வயலில் எதுவும் தலையெடுக்காது. நெல்லும் காயும் கீரையும் கொட்டகைக்குள், விளக்கு வெளிச்சத்தில்தான் வளர்கின்றன. விளக்கு எத்தனை நேரம் எரிய வேண்டும் என்று சொல்வது ஒளி வாரியம். தினம் பதினெட்டு மணி நேரம். குறைந்தால் மீட்டரே கோள் சொல்லிவிடும்.

பதினெட்டு மணி நேர வெளிச்சத்தில் விளைவது வாரிய விதை மட்டும். அதில் விளைந்த நெல்லை எடுத்து மறுபடி விதைத்தால் முளைக்காது. ஒவ்வொரு போகத்துக்கும் வாரியத்திடம்தான் கை நீட்ட வேண்டும். நான்கு வருடத்துக்கு முன்னால் அந்த விதை இரண்டு மாதம் தாமதமாக வந்தது. இரண்டு மாதமும் வெறும் மண்ணுக்கு விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விதை வராவிட்டாலும் விளக்கு எரியத்தான் வேண்டுமாம். தெரு முழுக்க மரவள்ளிக் கஞ்சி குடித்தது. குழந்தைகளின் கால் வீங்கியது. எனக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை.

சஹானாக்காவுக்கும் ஆறவில்லை. நொய்யல் கரையில் ஒரு பழைய சாயப்பட்டறையில் நெல் கொட்டகை நடத்துகிறவள் அவள். போன வருடத்துக்கு முந்தின ஆவணியில் ஒரு துணிப்பையோடு என் கடைக்கு வந்தாள். பையில் கருகிய டைமர் ஒன்று இருந்தது. பின்னாலேயே அவள் வீட்டுக்காரர் அஸ்வின் மாமா வலது கையில் கட்டோடு நின்றார்.

“இதைச் சித்தப் பாரு கண்ணு” என்றாள்.

திருகைக் கழற்றிப் பிரித்தேன். உள்ளே விளக்கைப் போட்டு அணைக்கும் ரிலேயின் இரண்டு முனைகளும் ஒட்டிப்போய்க் கிடந்தன.

“இதுல எத்தன லைட்டுக்கா மாட்டுனீங்க?”

“நாப்பது. ஒவ்வொண்ணும் அறுநூறு வாட்டு.”

“நாப்பதா! எந்த மகராசன் மாட்டுனது?”

மாமா கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டார்.

அஸ்வின் மாமா முப்பது வருடம் பனியன் கம்பெனியில் ஆர்டர் பார்த்தவர். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் ஒரு பனியன் தைத்து அனுப்புவார்கள். வாங்குகிறவன் சரியென்றால் லட்சம் பனியன் தைப்பார்கள். சாம்பிள் ஓகே என்றால் பல்க்கும் ஓகே. மாமா டைமரில் ஒரு விளக்கை மாட்டி மூன்று நாள் பார்த்திருக்கிறார். சொன்ன நேரத்துக்கு அணைந்தது, சொன்ன நேரத்துக்கு எரிந்தது. நான்காம் நாள் நாற்பதையும் மாட்டிவிட்டார். இந்த ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

“பதினாறு ஆம்பியர் தாங்கும்னு மேலயே போட்டிருக்குதே மௌனி?” என்றார்.

“அது தோசைக்கல்லுக்குப் போட்டதுங் மாமா. நாப்பது லைட்டுக்கு அதே பத்தாது. அதும் போக, லைட்டுக்குள்ள டிரைவர்னு ஒண்ணு இருக்குது பாருங்க, அது சுச்சு போட்ட நொடியில மடக்மடக்குனு குடிக்கும். எரியறப்ப குடிக்கறதைப் போலப் பல மடங்கு. அத்தனையும் இந்த மொளகு அளவு புள்ளி வழியாத்தான் போகோணும். பொறி பறந்து ரெண்டு புள்ளியும் ஒட்டிக்கிச்சு. டைமர் ‘அணை’ன்னு சொல்லித்தான் இருக்கும். கேக்கறதுக்கு ரிலே உசுரோட இல்ல.”

“ஒம்போது நாளு லைட்டு அணையவே இல்ல மௌனி” என்றாள் அக்கா. “எங்களுக்குத் தெரியவும் இல்ல. இருட்டு நேரத்துல கதவத் தொறந்தா வெளிச்சம் பூந்துரும்னு நாங்க யாரும் அந்தப் பக்கமே போகல.”

கதவு திறந்தபோது தெரிந்திருக்கிறது. மாமா ஆத்திரத்தில் மெயினைக்கூட நிறுத்தாமல் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பியிருக்கிறார். நெருப்பு கையைத் தின்றது. இரண்டு விரல்கள் இனி மடங்காது.

“எதுக்குங்க்கா இருட்டு? வாரிய நெல்லுக்கு இருட்டே வேண்டியதில்லையே?”

அக்கா குரலைத் தாழ்த்தினாள். “இது வாரிய நெல்லு இல்ல. வேலிச்சம்பா. எங்கய்யன் பதினோரு வருசமா சீசாவுல போட்டு வெச்சிருந்தது. வளரத்தான் வெளிச்சம் வேணும் இதுக்கு. பூக்கறதுக்கு ராத்திரி வேணும். ஒருமிக்கப் பன்னண்டு மணி நேரத்துக்கு எச்சா. பயத்துக்கு நான் பதினாலா வெக்கறேன். நடுவுல அஞ்சு நிமிசம் வெளிச்சம் பட்டாலும், இன்னும் ராத்திரி வரலைன்னு நெனச்சுக்கும். வெறும் புல்லாட்டம் வளந்துட்டே கெடக்கும்.”

பாதி விதை அப்படிப் புல்லாகவே போய்விட்டது. மீதியில் ஐந்துக்கு ஒன்றுதான் முளைக்கும். அடுத்த வருடம் போடுவதுதான் கடைசி. அதுவும் தவறினால் அந்த நெல் இனி உலகத்தில் இல்லை.

“கறுப்புத் துணி போத்திப் பாக்கலீங்களா?”

“பாத்தோம். பனியன் துணிய இழுத்தாச் சல்லடை. ரெண்டு மடிப்புப் போட்டா உள்ள புழுங்கி மூணு நாள்ல வெந்த கீரையாட்டம் ஆயிப்போச்சு. ஒரு படி வெளஞ்சாப் போதும் மௌனி. அப்புறம் வெதைக்கு எவன் மூஞ்சியும் பாக்க வேண்டாம்.”

நான் டைமரை மூடி வைத்துவிட்டுச் சரியென்றேன்.

வேலை கடினமானதில்லை. டைமரிடம் சுமையைக் கொடுக்கக் கூடாது, உத்தரவை மட்டும் கொடுக்க வேண்டும். டைமர் கான்டாக்டர் என்கிற பெரிய சுவிட்சுக்குச் சொல்லும். உள்ளங்கை அகலத் தாமிர நாக்குகள் கொண்ட கான்டாக்டர் நாற்பது விளக்கின் மின்சாரத்தையும் தாங்கும். அதையும் ஒரே நொடியில் கொடுக்காமல் பத்துப் பத்து விளக்காக, மூன்று நொடி இடைவெளி விட்டு எரிய வைத்தேன். அணைப்பதுதான் சிக்கல்.

“லைட்ட அணைச்சா மீட்டர் சொல்லிப்போடுமே” என்றார் மாமா. “போன தடவ இத நான் ரோசிக்கவே இல்ல. பதினெட்டு மணி நேரம் ஓடோணும். நம்ம ஓட்டறது பத்து மணி நேரம்.”

“மிச்ச எட்டு மணி நேரமும் அதே இருவத்துநாலு கிலோவாட்ட வேற எங்கியாச்சும் கொட்டோணும்.”

மாமா கொல்லைப்புறத்தைப் பார்த்தார். “சாயத் தொட்டி எட்டு சும்மாத்தான் கெடக்குது. ஒவ்வொண்ணுலயும் மூணு கிலோவாட்டுல ஒரு ஹீட்டர் காயில் போட்டா?”

மனுஷன் தப்பு செய்வார். ஆனால் மூளை இருக்கிறது.

விளக்குக்கு ஒரு கான்டாக்டர், வெந்நீருக்கு ஒன்று. முதலாவது மின்சாரத்தை விட்டுக் கீழே விழுந்தால்தான் இரண்டாவது மேலே ஏறும்படி இரண்டையும் பூட்டினேன். இரண்டும் சேர்ந்து ஏறினால் மெயின் போய்விடும். நடுவில் அரை நொடி. மீட்டர் நிமிடத்துக்கு ஒரு முறைதான் கணக்குச் சொல்லும், அரை நொடி அதன் கண்ணில் படாது. மாட்டி முடித்ததும் நாற்பது விளக்கையும் எட்டுத் தொட்டியையும் வைத்து நூறு தடவை மாற்றி மாற்றிப் போட்டேன். சாம்பிள் பேச்சே கிடையாது. நூறாவது தடவையும் தாமிர நாக்குகள் சுத்தமாக இருந்தன.

மறுவருடம் முளைத்தது நானூறு நாற்று. ஐப்பசி முடிய விளக்கில் நன்றாக வளர்ந்தது. கார்த்திகை பத்தாம் தேதி காலை ஆறு மணிக்கு அதற்கு முதல் ராத்திரியைப் போட்டோம்.

அன்றைக்கே வெந்நீர் தெருவுக்குத் தெரிந்துபோனது. தெரியாமல் இருக்குமா? விறகு கண்ணால் பார்த்து எத்தனையோ வருடமாகிவிட்ட ஊர் இது. முதலில் பக்கத்து வீட்டு ரிதன்யா வந்தாள். பிள்ளை பெற்றுப் பதினாறு நாள். அவள் தண்ணீர் வார்த்துக்கொண்டு ஈரத் தலையோடு சிரித்தபடி போனதைப் பார்த்து ஐம்பது பேர் வந்தார்கள். ஒரு வாரத்தில் முந்நூறு பேர். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை வாளியும் குடமுமாக வரிசை. ஊரில் குளிக்கும் இடத்தைப் பொடக்காலி என்போம். எங்கள் கொட்டகைக்குப் பொடக்காலி என்றே பெயராகிவிட்டது.

பன்னிரண்டாம் நாள், கார்த்திகை இருபத்தொன்று, காலை பதினோரு மணிக்கு வாரிய ஆய்வாளர் வந்தார். விஹான் என்று பெயர். முப்பது வயதிருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கையில் ஒரு பெட்டி.

“புது விதி மேடம்” என்றார். “எல்லாக் கொட்டகைக்குள்ளயும் ஒளிக்கண் மாட்டறோம். மீட்டர் மட்டும் போதாதாம். உள்ள வெளிச்சம் இருக்கான்னு இது பார்த்துச் சொல்லும். மூடினாலும் சொல்லிடும். கதவைத் தொறங்க.”

அக்கா கதவை மறித்து நின்றாள். “இப்பத் தொறக்க முடியாதுங் சார். எட்டு மணிக்கு மேல வாங்க.”

“ஏன்? லைட் எரியுதுதானே? இருபத்து நாலு கிலோவாட் ஓடுதே.”

அவர் கதவிடுக்கைப் பார்த்தார். ஒளி இல்லை. கொல்லையில் ஆவியைப் பார்த்தார். வாளியோடு நின்ற பெண்களைப் பார்த்தார். முட்டாள் இல்லை. நேராக நான் நின்ற வெளிச்சுவர்ப் பக்கம் வந்து பேனலைத் திறந்தார்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். “ரொம்ப சுத்தமா இருக்கே” என்றவர் அஸ்வின் மாமாவிடம் திரும்பினார். “நீங்க பண்ணதா சார்?”

மாமா கண்ணிமைக்கும் நேரம்தான் யோசித்தார். “ஆமாங். நாந்தானுங்.”

எனக்கு அவர் எண்ணம் புரிந்தது. என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார். விஹானின் முகமும் இளகியது.

“லைசென்ஸ் இருக்கா உங்களுக்கு?”

“இல்லீங்.”

“சரி. பெரியவர், விவரம் தெரியாம பண்ணிட்டீங்க. இதைக் கழட்டிட்டு இப்பவே லைட்டைப் போட்டுடலாம். ஒளிக்கண்ணை மாட்டிட்டு எச்சரிக்கையோட விட்டுடறேன்.”

நல்ல மனுஷன்தான். அவர் நல்லவராக இருந்ததுதான் எங்களுக்கு ஆபத்து. விளக்கு எரிந்தால் நானூறு நாற்றும் புல். பதினோரு வருடச் சீசா காலி.

அந்த விதி எனக்கு மனப்பாடம். லைசென்ஸ் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் ஒப்பித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். லைசென்ஸ் இல்லாதவர் செய்தால் எச்சரிக்கை, உடனே விளக்கெரிய வேண்டும். லைசென்ஸ் உள்ளவர் தெரிந்தே செய்தால் லைசென்ஸ் ரத்து, கொட்டகைக்கு அறுபது நாள் மின் துண்டிப்பு.

அறுபது நாள். கார்த்திகை இருபத்தொன்றிலிருந்து தை இருபது வரைக்கும். வருடத்திலேயே ராத்திரி நீண்டிருக்கும் நாட்கள் அவை. கூரைத் தகட்டைக் கழற்றிவிட்டால் பகலில் மங்கல் வெயில் விழும். அந்த வெயில் நாற்றை வளர்க்காது. ஆனால் வளர்ந்து நிற்கிற நெல்லுக்குப் பொழுது எப்போது சாய்கிறது என்று சொல்லப் போதும். மின்சாரம் இருக்கும்வரை அதை நாமாக நிறுத்த வாரியம் விடாது. வாரியமே நிறுத்தினால் யார் கேட்பது?

“அவரு பண்ணலீங் சார்” என்றேன். “அவரு பண்ணுனது போன வருசமே எரிஞ்சு போச்சு. கையப் பாருங்க. இது என் வேலை. என் பேரு மௌனிகா. லைசென்ஸ் நம்பர் நாப்பத்தொண்ணு.”

“மௌனி, கம்முனு இரு” என்றார் மாமா.

விஹான் என்னைப் பார்த்தார். “தெரியாம செஞ்சிருப்பீங்க மேடம்.”

“தெரிஞ்சேதானுங் செஞ்சேன். விதியப் படிச்சுப்போட்டுத்தான் செஞ்சேன். அவங்களுக்கு நெல்லு பூக்கோணும். உங்க விதி பூக்க விடல. அதனால உங்க மீட்டருக்குப் பட்டை நாமம் போட்டேன்.”

அவர் முகம் சிவந்தது. “பதினெட்டு மணி நேரங்கிறது யாரையும் வதைக்கப் போட்டது இல்ல. ஜனங்க பசியில செத்தப்போ போட்டது. எங்க தாத்தா அப்பதான் போனார். ஒரு கொட்டகை அணைஞ்சா எத்தனை வீட்டுல உலை கொதிக்காதுன்னு தெரியுமா உங்களுக்கு?”

அது பொய்யில்லை. எனக்கும் தெரியும். என் வீட்டிலும் அந்தப் பஞ்சத்தில் இரண்டு பேர் போனார்கள்.

“தெரியுமுங். சோறு போட்ட விதிதான், இல்லீங்கல. மூணு வருசத்துக்கு முன்னால ரெண்டு மாசம் வெதை வராமக் கெடந்துச்சே, அப்ப அந்த விதி எங்க சார் போச்சு? வெறும் மண்ணுக்கு லைட்டுப் போட வெச்சீங்களே, எவன் ஊட்டு உலை கொதிச்சுது?”

“மேடம், லைசென்ஸ் போயிடும். யோசிங்க.”

“போகட்டும்.”

“அறுபது நாள் கரண்ட் கிடையாது. இவங்க எல்லாம் வெந்நீருக்கு நிக்கறாங்களே.”

வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். குளிர் கார்த்திகை. கைக்குழந்தைகள். முந்நூறு பேருக்கும் சேர்த்து முடிவு செய்ய நான் யார்?

ரிதன்யா குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றினாள். “எங்களப் பாக்காதீங்க்கா. போன மாசம் வரைக்கும் வெந்நிலயா குளிச்சுட்டிருந்தோம்? சொல்றதச் சொல்லுங்க.”

“ஆமாமா, சொல்லு” என்றது பின்னால் இன்னொரு குரல். யாரோ வாளியைத் தரையில் தட்டினார்கள்.

விஹான் கடைசியாக ஒரு வழி கொடுத்தார். “இனிமே செய்ய மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வேற மாதிரி எழுதிக்கறேன்.”

“எழுதாதீங்க. நீங்க கழட்டிப்போட்டுப் போனா நாளைக்கே மாட்டுவேன். அதையும் கழட்டுனா நாளான்னிக்கு மாட்டுவேன். உங்களுக்குக் கை வலிச்சாலும் வலிக்கும், எனக்கு வலிக்காது.”

அவர் உத்தரவுத் தாளை எடுத்து எழுதினார். பேனா தாளைக் கிழித்துவிடும் போல அழுத்தி எழுதினார். மெயினில் பியூஸ் கேரியரைப் பிடுங்கினார், ஈய முத்திரை வைத்தார். கொல்லையில் காயில்களின் முனகல் நின்றது. என் லைசென்ஸ் அட்டையை வாங்கிக் கத்திரியால் குறுக்கே வெட்டினார். இருபத்து மூன்று வயதில் வாங்கிய அட்டை. வாங்கிய அன்று என் அப்பா தெருவெல்லாம் மிக்சர் கொடுத்தார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவர் எதிரில் அழுததில் எனக்கு வெட்கமில்லை.

வாரிய வண்டி தெரு திரும்பியதும் அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “என்ன கண்ணு இப்படிப் பண்ணிப்போட்டே! கையில இருந்த தொழிலையும் உட்டுட்டு...”

“கார்த்திகை பொறந்து எத்தன நாளுக்கா?”

“இருவத்தொண்ணு. அதுக்கென்ன இப்ப?”

“பொழுது எத்தன மணிக்குச் சாயுது?”

அக்கா வானத்தைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள். மாமாவை ஏணி எடுத்து வரச் சொன்னாள்.

அன்று பொழுது சாயும்வரை கொட்டகையை மூடியே வைத்தோம். இருட்டிய பிறகு ஆண்களும் பெண்களுமாக இருபது பேர் தகடுகளைக் கழற்றினார்கள். காலையில் நானூறு நாற்றும் வானத்தைப் பார்த்து நின்றன. கூரையில் ஓட்டை இருக்கக் கூடாதென்று எந்த விதியிலும் இல்லை. எனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாயிற்றே.

சுலபமாக இருந்தது என்று சொன்னால் பொய். மார்கழிக் குளிரில் தெரு பச்சைத் தண்ணீரில் குளித்தது. ரிதன்யாவின் குழந்தைக்குச் சளி கட்டி ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஐந்து நாளும் நான் ஆஸ்பத்திரி வாசலில்தான் கிடந்தேன். அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் இந்தக் கதையை இப்படி வாயடித்துச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

மார்கழி பதினெட்டாம் தேதி அக்கா கொட்டகைக்குள்ளிருந்து கத்தினாள். ஓடினேன். மூன்றாவது வரிசையில் ஒரு பயிரின் தண்டு பிளந்து கதிர் எட்டிப் பார்த்தது. பழுப்பும் பச்சையுமாக, விரல் நீளம். அஸ்வின் மாமா மடங்காத இரண்டு விரல்களால் அதைத் தொட்டார். பிறகு திரும்பி நின்றுகொண்டு மூக்கைச் சிந்தினார்.

தை இருபதில் அறுத்தோம். மங்கல் வெயிலில் பாதி பதராகத்தான் போனது. புடைத்து எடுத்ததில் மூன்று படி தேறியது. பிடித்துப் பார்த்தால் கனம். ஈரத் துணியில் பத்து நெல்மணியை முடிந்து வைத்தோம். ஒன்பது முளைத்தன.

அக்கா தனக்கு ஒரு படி வைத்துக்கொண்டாள். மிச்சத்தை நொய்யல் கரையில் இருக்கும் மற்ற ஒன்பது கொட்டகைக்காரர்களுக்குக் கொடுத்தாள்.

நான் பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டப் போனேன். தைத்த துணியில் தொங்கும் நூலை வெட்டுகிற வேலை. சின்னப் பெண்கள் வேகமாக வெட்டுவார்கள். எனக்குக் கண் மங்கல், கை மெது. மேஸ்திரி திட்டுவான். திட்டும்போது அவன் தலைக்கு மேலே சுவிட்ச் போர்டில் ஒயர் தொங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கை துறுதுறுக்கும். தொட மாட்டேன்.

அடுத்த கார்த்திகை இரண்டாம் தேதி காலை, கம்பெனிக்கு ஆள் வந்தது. வாரிய ஆபீசில் என்னைக் கூப்பிடுகிறார்களாம். கத்திரியை வைத்துவிட்டுப் போனேன்.

ஆபீஸ் வாசலில் கூட்டம். அக்காவிடம் விதை வாங்கி வளர்த்த ஒன்பது கொட்டகைக்காரர்களும் நின்றார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஓர் எலக்ட்ரீஷியன். எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள். நாலு பேர் என்னிடம் வேலை கற்றவர்கள், இரண்டு பேர் என்னோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். உள்ளே விஹான் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஒன்பது லைசென்ஸ் அட்டைகள் வரிசையாக இருந்தன.

“என்ன மேடம் இது?” என்றார் என்னிடம்.

“எனக்குத் தெரியாதுங். நான் பிசிர் வெட்டிட்டிருந்தேன்.”

பேச்சுவார்த்தை இல்லாதவர்களில் ஒருவரான நிதின் அண்ணன் முன்னால் வந்தார். “நாங்க ஒம்போது பேரும் தெரிஞ்சே டைமர் மாட்டி மீட்டர ஏமாத்தறோம் சார். விதிப்படி எழுதிக்கங்க. அறுவது நாளு.”

“எங்க மாட்டியிருக்கீங்க? நேத்துதான் ஒன்பது பேனலையும் பார்த்தேன். ஒண்ணுமே இல்லையே.”

“இன்னும் மாட்டலீங். சாமான் வாங்கற செலவு எதுக்குன்னு முன்னாடியே சொல்லிப்போட வந்தோம்.”

யாரோ சிரித்தார்கள். விஹான் சிரிக்கவில்லை. அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணைப் பார்த்தார். இந்த ஊரில் லைசென்ஸ் உள்ளவர்கள் மொத்தம் பதினோரு பேர். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஒன்பது அட்டையை வெட்டினால் நூற்றுச் சொச்சம் கொட்டகைக்கு இரண்டே பேர் மிச்சம். அதில் ஒருவருக்கு எழுபது வயது.

கடைசி அட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். “இவங்க எல்லாரையும் ரத்து பண்ணிட்டா, நாளைக்கு இந்த ஆபீஸ்லயே பியூஸ் போனா நான் யாரை மேடம் கூப்பிடறது?”

“என்னையக் கூப்புட்டறாதீங்க சார்” என்றேன். “எனக்கு லைசென்ஸ் இல்ல.”

அவர் கத்திரியை எடுத்து இழுப்பறையில் போட்டார். ஒன்பது அட்டைகளையும் நிதின் அண்ணன் பக்கம் தள்ளினார். துண்டிப்பு உத்தரவுத் தாள்களை ஒதுக்கிவிட்டு, கீழேயிருந்து வேறொரு படிவக் கட்டை எடுத்துப் பிரித்தார். தலைப்பை நான் தலைகீழாகப் படித்தேன். ‘பராமரிப்புப் பணிக்காக மின் நிறுத்தம்.’ அதற்கு ரத்தும் கிடையாது, தண்டனையும் கிடையாது.

முதல் தாளில் கொட்டகையின் பெயரை எழுதி நிறுத்தினார். நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தார்.

“எத்தனை நாள் போடட்டும்?”

“அறுவது” என்றேன்.